அடிவயித்து வலியும் வீக்கமும்: ஸ்கேன் நார்மல்னு வந்ததுக்கு அப்புறம் என்ன பாக்கணும்

34 வயசு, 2 சுகப்பிரசவம், 8 மாசமா அடிவயித்துல கனமா ஒரு வலி, சாயங்காலம் ஆக ஆக கீழ வீங்கிப்போன மாதிரி இருக்கு, ஸ்கேன் எடுத்தா நார்மல்னு வந்துடுச்சு, வீட்டுல எல்லாரும் மனசு தான் காரணம்னு சொல்றாங்க, நிஜமாவே எதனால இருக்கும்னு கேட்டிருக்கீங்க. ஸ்கேன் நார்மல்னா கர்ப்பப்பையிலயும் சினைப்பையிலயும் கண்ணுக்குத் தெரியுற மாதிரி பெரிய கட்டி எதுவும் இல்லன்னு அர்த்தம், அவ்வளவுதான். வலிக்குக் காரணமே இல்லன்னு அந்த ரிப்போர்ட் சொல்லல, சொல்லவும் முடியாது, ஏன்னா அடிவயித்து வலியைக் கொண்டு வர்ற பல பிரச்சனைங்க சாதாரண ஸ்கேன்ல தெரியவே தெரியாது. அதனால உங்க வலி கற்பனைன்னு யாரு சொன்னாலும் தயவுசெஞ்சு நம்பாதீங்க.

தொப்புளுக்குக் கீழ இருக்குற அந்தச் சின்ன இடத்துல கர்ப்பப்பை, ரெண்டு பக்கமும் கருக்குழாய், சினைப்பை, முன்னாடி மூத்திரப்பை, பின்னாடி மலக்குடல், வலது பக்கம் குடல்வால், இது எல்லாத்தையும் கீழேர்ந்து தாங்குற தசைங்கன்னு நெருக்கமா அடைஞ்சு கெடக்குது, இதுல நிறைய உறுப்புக்கு நரம்பும் ஒரே வழியா தான் முதுகுத்தண்டுக்குப் போகுது. அதனால மூத்திரப்பையில பிரச்சனை இருந்தாலும் கர்ப்பப்பை வலிக்கிற மாதிரி தோணும், குடல் வலி சினைப்பை வலி மாதிரி இருக்கும். எங்க வலிக்குதுன்னு விரல் வச்சுக் காட்டுறதை விட எப்ப வலிக்குது, எதோட சேந்து வலிக்குது, எது செஞ்சா குறையுதுங்கறது தான் டாக்டருக்கு அதிகமா உதவும்.

அதுக்கு முன்னாடி அவசர விஷயத்தை சொல்லிடணும், உங்களுக்கு இப்ப இது பொருந்தலன்னாலும் படிக்கிற வேற யாருக்காவது பொருந்தலாம். பீரியட்ஸ் தள்ளிப்போயிருக்கு, ஒரு பக்கமா அடிவயிறு வலிக்குது, லேசா ரத்தம் படுது, தலை சுத்துது அல்லது தோள்பட்டை முனையில வலி வருதுன்னா கருக்குழாய்ல கரு தங்கியிருக்கலாம், குழாய் வெடிச்சா வயித்துக்குள்ள ரத்தம் கொட்டும், பெரும்பாலும் கடைசி பீரியட்ஸோட முதல் நாள்லேர்ந்து கணக்குப் பண்ணி 6லேர்ந்து 8 வாரத்துல இது வெளிய தெரியும். காப்பர் டி போட்டிருக்கேன், குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியாச்சு, அதனால கர்ப்பமே இருக்காதுன்னு நினைச்சு விட்டுடக்கூடாது, அப்படி இருக்குறவங்களுக்கு கர்ப்பம் ஆகுறது அபூர்வம் தான், ஆனா ஆயிட்டா அது குழாய்ல தங்குற வாய்ப்பு மத்தவங்களை விட அதிகம். இன்னொண்ணு சினைப்பை முறுக்கிக்கிறது, பெரும்பாலும் 5 செ.மீ.க்கு மேல நீர்க்கட்டி இருக்குறவங்களுக்கு வரும், திடீர்னு ஒரு பக்கம் வெட்டி இழுக்குற மாதிரி வலி, கூடவே வாந்தி, கொஞ்சம் விட்டு விட்டும் வரும், சில மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணி முறுக்கை எடுத்துவிட்டா தான் சினைப்பையைக் காப்பாத்த முடியும். குடல்வால் வலி தொப்புள்கிட்ட ஆரம்பிச்சு சில மணி நேரத்துல வலது கீழ் பக்கம் வந்து உக்காந்துக்கும், பசியே இருக்காது, இருமினாலும் நடந்தாலும் சுரீர்னு இருக்கும். இந்த மூணுல எது மாதிரி இருந்தாலும் மாத்திரை போட்டு காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் கிளம்பிடுங்க. கர்ப்பமா இருக்குறவங்க ரத்தப்போக்கோட வலி வந்தாலும், காய்ச்சல் நடுக்கத்தோட அடிவயிறு வலிச்சாலும் அதே தான்.

இப்ப மாசக்கணக்கா இழுக்குற வலிக்கு வர்றேன். பீரியட்ஸோட முதல் ஒண்ணு ரெண்டு நாள் வலி நிறைய பேருக்கு வரும், கர்ப்பப்பையோட உள்சுவர்ல புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு பொருள் சுரந்து கர்ப்பப்பையை சுருங்க வைக்குது, அதனால தான் அந்த இழுப்பு வலியும் சிலருக்கு பேதியும் வாந்தியும். இது மாத்திரைக்கு அடங்கும், ரத்தப்போக்கு குறைய குறைய வலியும் குறையும். ஆனா வலி பீரியட்ஸுக்கு சில நாள் முன்னாடியே ஆரம்பிச்சு முடிஞ்ச பிறகும் நீடிக்குது, வருஷத்துக்கு வருஷம் கூடிக்கிட்டே போகுது, தாம்பத்யத்துல ஆழத்துல வலிக்குது, பீரியட்ஸ் சமயத்துல மலம் போகும்போது உயிர் போகுதுன்னா எண்டோமெட்ரியோசிஸை நினைக்கணும். கர்ப்பப்பையோட உள்சுவர் மாதிரியான திசு வெளிய சினைப்பை மேல, குடல் மேல, கர்ப்பப்பைக்குப் பின்னாடின்னு ஒட்டிக்கிட்டு அங்க அழற்சியையும் தழும்பையும் உண்டாக்கும். குழந்தை பெறுற வயசுல இருக்குற பெண்கள்ல சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதாவது உலகம் முழுக்க 19 கோடி பேர். இவ்ளோ பேருக்கு இருந்தும் கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆயிடுது, ஏன்னா வயசுக்கு வந்த நாள்லேர்ந்தே "பொம்பளைன்னா வலி இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ"ன்னு சொல்லிச் சொல்லியே வளக்குறோம், ஸ்கூலுக்கு லீவு போடுற அளவுக்கு வலிச்சா கூட யாரும் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறதில்ல. எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப ஆதங்கம் உண்டு. வேலைக்கோ படிப்புக்கோ போக முடியாம படுக்க வைக்கிற பீரியட்ஸ் வலியை யாரும் சாதாரணம்னு சொல்லவே கூடாது.

இதுல இன்னொரு சிக்கல், வலியோட அளவுக்கும் நோயோட அளவுக்கும் சம்பந்தமே இருக்காது, சினைப்பையில பெரிய சாக்லேட் கட்டி (இந்த நோயால பழைய ரத்தம் தேங்கி உண்டாகுற கட்டி) வச்சுக்கிட்டு வலியே இல்லாம குழந்தை தங்கலன்னு வர்றவங்களும் உண்டு, உள்ள நாலு புள்ளி மாதிரி மட்டும் இருந்து துடிக்கிறவங்களும் உண்டு. சாக்லேட் கட்டி ஸ்கேன்ல தெரியும், மேலோட்டமா ஒட்டியிருக்குற புள்ளிங்க தெரியாது. முன்னெல்லாம் லேப்ராஸ்கோபி, அதாவது வயித்துல சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பாக்குற ஆபரேஷன், பண்ணிப் பாத்தா தான் உறுதின்னு இருந்துச்சு, 2022ல வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் அதை மாத்திடுச்சு, அறிகுறியை வச்சே ஹார்மோன் மாத்திரை ஆரம்பிச்சுப் பாக்கலாம், அதுக்கு கேக்கலன்னாலோ சந்தேகம் தீரலன்னாலோ மட்டும் லேப்ராஸ்கோபி பண்ணினா போதும்னு சொல்லுது. அதனால ஆபரேஷன் பயத்துல டாக்டர்கிட்டயே போகாம இருக்க வேண்டியதில்ல.

கிட்டத்தட்ட இதே திசு கர்ப்பப்பையோட தசைக்குள்ளயே ஊடுருவினா அடினோமயோசிஸ்ங்கறாங்க. 30, 40 வயசுக்காரங்க, குழந்தை பெத்தவங்களுக்கு அதிகமா பாக்குறோம், கர்ப்பப்பை மொத்தமா ஊதி கனத்துப் போயிருக்கும், கட்டி கட்டியா ரத்தம் போகும், அடிவயிறு பாரமா தொங்குற மாதிரி இருக்கும். ரிப்போர்ட்ல 'பல்கி யூட்ரஸ்'னு ஒரு வார்த்தை போட்டு விட்டுடுவாங்க, உங்க ரிப்போர்ட்டை திரும்ப எடுத்து அந்த மாதிரி ஏதாவது எழுதியிருக்கான்னு பாருங்க. ஃபைப்ராய்டுங்கற நார்க்கட்டி 50 வயசுக்குள்ள பாதிக்கு மேல பெண்களுக்கு வந்துடுது, ஆனா பெரும்பாலானவங்களுக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது, கட்டி பெருசானா தான் மூத்திரப்பையை அழுத்தி அடிக்கடி பாத்ரூம் போக வைக்கும், குடலை அழுத்தினா மலச்சிக்கல், வயிறு முன்னாடி தள்ளி கர்ப்பம் மாதிரியே தெரியும். பீரியட்ஸ் நின்ன பிறகு பொதுவா தானா சுருங்கிடும். ஸ்கேன்ல 2 செ.மீ. நார்க்கட்டி இருக்குன்னு பாத்த உடனே வலிக்கு அதுதான் காரணம்னு முடிவு பண்ணி கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னா, இன்னொரு டாக்டர்கிட்ட கேக்காம சம்மதிக்காதீங்க.

நீர்க்கட்டி பத்தி குழப்பம் நிறைய இருக்கு. பிசிஓடின்னு ரிப்போர்ட்ல வர்ற 'நீர்க்கட்டி' எல்லாம் வளராம நின்னுபோன சின்னச் சின்ன முட்டைப்பைங்க, ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது, அது பீரியட்ஸை தள்ளிப்போட வைக்கும், முகத்துல முடி வளர வைக்கும், ஆனா வலிக்காது. பிசிஓடி இருக்குன்னு சொல்லி வலியை அது தலையில கட்டிட்டா உண்மையான காரணம் தப்பிச்சுடும். மாசாமாசம் முட்டை வளரும்போது வர்ற சாதாரண நீர்க்கட்டி வேற, 5 செ.மீ.க்கு உள்ள இருந்தா பெரும்பாலும் 2, 3 மாசத்துல தானா போயிடும், சில சமயம் உடைஞ்சு திடீர்னு ஒரு பக்கம் வலி வந்து ஒண்ணு ரெண்டு நாள்ல அடங்கும். பீரியட்ஸுக்கு சுமார் 2 வாரம் முன்னாடி ஒரு பக்கமா சுருக்குன்னு வந்து போற வலி முட்டை வெளிவர்றப்ப வர்றது, அதுக்கு ஒண்ணும் பண்ண வேணாம்.

வெள்ளைப்படுறது நிறம் மாறி வாடையோட இருக்கு, கூட அடிவயிறு ரெண்டு பக்கமும் வலி, தாம்பத்யத்துக்கு அப்புறம் ரத்தம், லேசா காய்ச்சல், இதெல்லாம் சேந்து இருந்தா கர்ப்பப்பை, குழாய் வரைக்கும் கிருமி ஏறியிருக்குன்னு சந்தேகப்படணும். கிளமிடியா, கொனோரியா மாதிரி தாம்பத்யத்துல பரவுற கிருமி காரணமா இருக்கலாம், பிறப்புறுப்புல வழக்கமா இருக்குற கிருமியே மேல ஏறியும் வரலாம், எந்தக் கிருமின்னு கடைசி வரைக்கும் தெரியாமலே போறதும் உண்டு, அதனால இதை வச்சு யாரோட நடத்தையையும் எடை போடக்கூடாது. பொதுவா 14 நாள் ஆன்டிபயாடிக் கொடுப்பாங்க, நாலு நாள்ல வலி போயிடுச்சுன்னு பாதியில நிறுத்தாதீங்க, கணவருக்கும் சேத்து மருந்து எடுக்கணும், இல்லன்னா திரும்ப திரும்ப வரும். விட்டுட்டா குழாய் அடைபட்டு குழந்தை தங்காம போகலாம், தழும்பு ஒட்டிக்கிட்டு வருஷக்கணக்கா வலி நிக்கலாம்.

நீங்க சொன்ன அறிகுறியைப் படிக்கிறப்ப எனக்கு முதல்ல தோணினது வேற ஒண்ணு, பெல்விக் கன்ஜெஷன். கால்ல வெரிகோஸ் நரம்பு புடைச்சுக்கிட்டு நிக்குறதைப் பாத்திருப்பீங்க, அதே மாதிரி இடுப்புக்குள்ள சினைப்பையைச் சுத்தி இருக்குற ரத்தக்குழாய் விரிஞ்சு ரத்தம் தேங்கிடும். ஒண்ணுக்கு மேல குழந்தை பெத்தவங்களுக்கு தான் அதிகம். காலையில எழுந்தா வலி கம்மியா இருக்கும், நின்னு நின்னு வேலை பாத்து சாயங்காலம் ஆனா கனத்து இழுக்கும், தாம்பத்யம் முடிஞ்ச பிறகும் மந்தமா வலி மணிக்கணக்கா இருக்கும், படுத்தா குறையும், சிலருக்கு தொடையிலயும் பிறப்புறுப்புலயும் நரம்பு புடைச்சுத் தெரியும். படுக்க வச்சு எடுக்குற ஸ்கேன்ல ரத்தம் வடிஞ்சுபோய் குழாய் சுருங்கிடறதால இது சுலபமா தப்பிச்சுடும், ரத்த ஓட்டத்தைக் காட்டுற டாப்ளர் ஸ்கேன் வச்சு ரத்தக்குழாயை குறிப்பா தேடிப் பாக்கணும், தேவைன்னா எம்ஆர்ஐ. ஹார்மோன் மருந்து உண்டு, ரொம்ப தொந்தரவு பண்ணினா ஊசித்துளை வழியா விரிஞ்ச அந்த ரத்தக்குழாயை அடைக்கிற சிகிச்சையும் இருக்கு, வயித்தைக் கிழிக்க வேண்டியதில்ல.

அடுத்து நினைக்க வேண்டியது அடி இறக்கம். சுகப்பிரசவத்துல தளர்ந்துபோன இடுப்புத்தள தசை கர்ப்பப்பையையும் மூத்திரப்பையையும் தாங்க முடியாம கொஞ்சம் கொஞ்சமா கீழ விடும். கீழ ஏதோ உருண்டை மாதிரி வந்து நிக்குது, உக்காந்தா பந்து மேல உக்காந்த மாதிரி இருக்குன்னு சொல்லுவாங்க, இதுவும் சாயங்காலம் தான் கூடும், இருமினா தும்மினா யூரின் கசியும். படுத்துக்கிட்டு எடுக்குற ஸ்கேன்ல இதுவும் தெரியாது, டாக்டர் கையால பரிசோதிச்சு, முக்கச் சொல்லிப் பாத்தா தான் தெரியும். உங்களை யாராவது அப்படிப் பரிசோதிச்சாங்களா? வெறும் ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் பாத்து அனுப்பியிருந்தா பரிசோதனை இன்னும் முடியவே இல்லன்னு தான் நான் சொல்லுவேன். ஆரம்ப நிலைன்னா கீகல் பயிற்சியில (இடுப்புத்தள தசையை இறுக்கி இறுக்கி விடுறது) நல்லா முன்னேற்றம் வரும், பிஸியோதெரபிஸ்ட்கிட்ட ஒழுங்கா கத்துக்கிட்டு தினமும் சில மாசம் செய்யணும், அதுக்கும் மேலன்னா பெஸரின்னு ஒரு வளையம் உள்ள வைப்பாங்க, ஆபரேஷன் அதுக்கு அப்புறம் தான். கனமானதைத் தூக்குறது, மலச்சிக்கலோட முக்குறது, நாள்பட்ட இருமல், இந்த மூணும் இறக்கத்தை மோசமாக்கும்.

தசை தளர்ந்தா ஒரு பிரச்சனை, இறுகிப்போனா இன்னொரு பிரச்சனை. ரொம்ப நாள் வலியிலயே இருந்தா இடுப்புத்தள தசை தன்னை அறியாமலே இறுகிக்கும், அப்புறம் முதல் காரணம் சரியானாலும் தசை வலி நிக்காது, உக்காந்தா வலி, தாம்பத்யம் ஆரம்பிக்கும்போதே வலி, யூரின் விட்டு விட்டு வரும். இப்படி இருக்குறவங்க கீகல் பண்ணினா வலி கூடும், அவங்களுக்கு தசையைத் தளர்த்துற பயிற்சி தான் வேணும், அதனால எந்த வகைன்னு தெரியாம வீடியோ பாத்து ஆரம்பிச்சுடாதீங்க.

கர்ப்பப்பையை விட்டுட்டு மத்த உறுப்பையும் பாக்கணும். நீர்க்கடுப்பு, அவசரமா வர்றது, யூரின் கலங்கலா இருக்குறது சாதாரண யூரின் இன்ஃபெக்‌ஷன், கூடவே குளிர் காய்ச்சலும் விலாவுல வலியும் இருந்தா கிட்னி வரைக்கும் போயிருக்குன்னு அர்த்தம், உடனே போகணும். யூரின் கல்ச்சர்ல (கிருமி வளருதான்னு பாக்குற டெஸ்ட்) கிருமியே வரல, ஆனா மூத்திரப்பை நிறைய நிறைய வலிக்குது, போனதும் குறையுதுன்னா மூத்திரப்பையே வலியோட மூலம், இதுக்கு திரும்பத் திரும்ப ஆன்டிபயாடிக் சாப்பிட்டுப் பிரயோஜனம் இல்ல. மலம் போனதும் வலி குறையுது அல்லது கூடுது, ஒரு வாரம் பேதி ஒரு வாரம் மலச்சிக்கல், வயிறு உப்புசம்னா ஐபிஎஸ்ங்கற குடல் கோளாறா இருக்கலாம்.

வீக்கம்னு சொல்றப்ப எங்க வீக்கம்ங்கறதையும் தெளிவா சொல்லணும், வெக்கப்படாதீங்க. பிறப்புறுப்பு வாசல்ல கீழ்ப்பக்கம் ஒரு ஓரமா உருண்டையா வீங்கி, நடக்க உக்காரவே முடியாம வலிச்சா பார்த்தோலின் சுரப்பி அடைச்சு சீழ் பிடிச்சிருக்கும், வெதுவெதுப்பான தண்ணியில தினமும் சில தடவை உக்காந்தா சின்னது உடைஞ்சுடும், பெருசுன்னா டாக்டர் கீறி விடணும், நீங்களா குத்தாதீங்க, 40 வயசுக்கு மேல புதுசா வந்தா அதை லேசுல விடாம சதை எடுத்து பரிசோதிக்கணும். தொடை இடுக்குல நெறி கட்டியிருந்தா கால்லயோ பிறப்புறுப்புலயோ புண் இருக்கான்னு பாக்கணும். அதே இடத்துல இருமினா புடைச்சு, படுத்தா உள்ள போற வீக்கம் குடலிறக்கம், அது ஆம்பளைங்களுக்கு மட்டும் தான் வரும்னு ஒரு நினைப்பு இருக்கு, தொடை இடுக்குல கீழ வர்ற ஒரு வகை பெண்களுக்கு தான் அதிகம், அது உள்ள போகாம சிக்கிக்கிட்டு வாந்தி வந்தா அவசரம். ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா, குறிப்பா கர்ப்பத்துலயோ பிரசவத்துக்கு அப்புறமோ, ரத்தம் உறைஞ்சிருக்கலாம், அன்னைக்கே போகணும்.

வயிறே உப்பிக்கிட்டு வர்றது தனி. பீரியட்ஸுக்கு முன்னாடி உப்பி அப்புறம் வடியுறது ஹார்மோன். ஆனா வடியாம தொடர்ந்து உப்பியே இருக்கு, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சுடுது, அடிவயிறு வலி, அடிக்கடி யூரின், இது மாசத்துல 12 தடவைக்கு மேல வருதுன்னா, அதுவும் 50 வயசைத் தாண்டினவங்கன்னா சினைப்பை புற்றுநோய் இல்லன்னு உறுதி பண்ணணும்னு பிரிட்டன் வழிகாட்டுதல் சொல்லுது, சிஏ 125 ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பண்ணுவாங்க. எண்டோமெட்ரியோசிஸ், நார்க்கட்டி, ஏன் பீரியட்ஸ் சமயத்துல கூட சிஏ 125 ஏறும், அந்த நம்பரை மட்டும் பாத்து அலற வேணாம். 50க்கு மேல முதல் தடவையா 'கேஸ் பிரச்சனை' ஆரம்பிச்சு மாசக்கணக்கா ஜீரண மருந்தே குடிச்சுக்கிட்டு இருக்குற அம்மாவோ அத்தையோ உங்க வீட்டுல இருந்தா தயவுசெஞ்சு கூட்டிட்டு போங்க. பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷத்துக்கு அப்புறம் துளி ரத்தம் பட்டாலும் போய்க் காட்டணும்.

அடுத்த தடவை டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி 2 மாசமாவது ஒரு நோட்டுல எழுதி வைங்க: பீரியட்ஸ் தேதி, எந்தெந்த நாள் வலி, 10க்கு எவ்ளோ, நின்னதாலயா தாம்பத்யத்தாலயா யூரின் மலத்தோடயா, படுத்தா குறைஞ்சுதா, என்ன மாத்திரை போட்டீங்க. போனதும் அதைக் காட்டிட்டு கையால பரிசோதனை பண்ணச் சொல்லுங்க, கர்ப்பம் இல்லன்னு உறுதி பண்ணி யூரின் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, முன்னாடி எடுத்தது வயித்து மேல வச்ச ஸ்கேன் மட்டும்னா பிறப்புறுப்பு வழியா எடுக்குற உள்வழி ஸ்கேன் டாப்ளரோட வேணுமான்னு கேளுங்க. தாம்பத்ய உறவே இல்லாத பொண்ணுங்களுக்கு உள்வழி ஸ்கேன் பண்ண மாட்டாங்க, மூத்திரப்பையை நிறைச்சுக்கிட்டு மேல வச்சு பாப்பாங்க, தேவைன்னா எம்ஆர்ஐ, அதனால கல்யாணம் ஆகலன்னு சொல்லி பொண்ணை டாக்டர்கிட்ட கூட்டிட்டு போகாம இருக்காதீங்க. அதுவரைக்கும் வலிக்கு மெஃபனாமிக் ஆசிட், ஐபுப்ரோஃபன் மாதிரி மாத்திரை பீரியட்ஸ் வலி ஆரம்பிக்கும்போதே சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டா நல்லா கேக்கும், வலி உச்சிக்குப் போன பிறகு போட்டா அவ்ளோ கேக்காது, ஆனா அல்சர், கிட்னி பிரச்சனை, ஆஸ்துமா இருக்குறவங்க, கர்ப்பமா இருக்கலாம்னு சந்தேகம் இருக்குறவங்க டாக்டர்கிட்ட கேக்காம போடக்கூடாது.